ஆட்சேபம் யாருடையது? நகரத் திட்டமும் ‘பொதுமக்க’ளும்

1

செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலத்துக்கு மாற்ற உத்தேசம்; ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்கலாம். கவிதையையும் நாவலையும் கட்டுடைத்துப் பழகிய நாம் இந்தப் பிரதியை வாசிப்பதில்லை. வாசிக்கிற மாதிரியா அச்சடிக்கிறான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே தூங்குவது, எங்கே கடை போடுவது, எவ்வளவு தூரம் நடந்து தண்ணீர் பிடிப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற எழுத்து இதுதான். இதைவிட அதிகாரம் வாய்ந்த பிரதி வேறு எது இருக்கிறது?

நகரமைப்பிலும் கட்டடக்கலையிலும் மக்களுக்கு என்ன இடம் என்பதைப் பற்றி நமது சூழலில் பேச்சு எழும்போது இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, “இதெல்லாம் நிபுணர் விஷயம், பாமரனுக்கு என்ன தெரியும்?” என்பது. மற்றது, “மக்களைக் கேட்டுச் செய்யணும்” என்பது. இரண்டாவது குரல் முற்போக்கானதாகத் தோன்றும். ஆனால் அரசும் இன்று அதையேதான் சொல்கிறது. கருத்துக் கேட்காத திட்டம் இப்போது எதுவும் கிடையாது. எனவே கேட்டார்களா என்பதோடு நிற்காமல் யாரை, எந்த மொழியில், எந்தக் கட்டத்தில் கேட்டார்கள், சொன்ன பதில் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்னைக்கான இரண்டு முழுமைத் திட்டங்களும் (முதலாவது 1970களின் நடுவில் வந்தது, இரண்டாவது 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்று 2026-ஐ எல்லையாக வைத்தது) இச்சட்டத்தின் கீழ் வந்தவை. இதன் 26-ஆம் பிரிவு, வரைவுத் திட்டம் தயாரானதும் அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து, எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தரலாம் என்கிறது. விரும்பிக் கேட்பவர்களுக்கு நேரில் பேசவும் வாய்ப்புத் தரவேண்டும். அதன்பிறகு திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போகும்.

இதில் மக்கள் எந்த இடத்தில் நுழைகிறார்கள் என்று பாருங்கள். எந்த ஏரியைக் காப்பது, எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எங்கே எத்தனை மாடி என்று கோடுகள் போட்டு முடித்த பின்பு. ‘பொதுமக்கள்’ என்கிற எழுவாய்க்கு இந்தச் சட்டம் தந்திருக்கிற வினைச்சொல் ஒன்றே ஒன்று: ஆட்சேபி. திட்டமிடு, வரை, தேர்ந்தெடு, நிராகரி என்கிற வினைகளெல்லாம் வேறு எழுவாய்களுக்கு. ‘ஆலோசனை’ என்பது ஒரு மரியாதைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்சேபித்தவருக்குக் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்கிற கட்டாயமும் அந்தப் பிரிவில் இல்லை. எழுதிக் கொடுத்தாயா, கொடுத்தாய். வாங்கிக்கொண்டோமா, வாங்கிக்கொண்டோம். அத்தோடு சரி.

இதே ‘ஆட்சேபம்’ வருவாய்த்துறையின் மொழியில் வேறொரு வேலை செய்கிறது. குடியிருக்கும் ஏழைகளின் நிலத்தை அது இரண்டாகப் பிரிக்கும்: ஆட்சேபகரமான புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. நீர்நிலை, சாலை, மேய்க்கால் போன்றவை முதல் வகை. அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் பட்டா கிடையாது. இரண்டாவது வகையில் அரசு மனது வைத்தால் கிடைக்கும். ஆக, திட்டத்தின் முன்னால் ஆட்சேபிக்கிறவர்களாக வைக்கப்படும் மக்கள், நிலத்தின் முன்னால் ஆட்சேபிக்கப்படுகிறவர்களாக மாறிவிடுகிறார்கள். முதல் ஆட்சேபத்தால் ஒரு கோடுகூட அழிவது அபூர்வம். இரண்டாவது ஆட்சேபத்தால் ஒரே பகலில் ஒரு தெருவே அழியும்.

நீர்நிலையைக் காப்பாற்ற வேண்டாமா என்று உடனே கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் சென்னையில் நீர்நிலையை முதலில் தூர்த்தது யார்? தியாகராய நகர் எழுந்தது பழைய நெடிய ஏரியின் மேல். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் வீட்டுவசதி வாரியம் ஏரிகளில் மனை பிரித்து, அதற்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயரும் வைத்தது. அதாவது ஏரி இருந்ததை ஒளிக்கக்கூட இல்லை. அரசு தூர்த்தால் அது திட்டம். கூவம் கரையில் கூலிக்காரன் ஓலை வேய்ந்தால் ஆக்கிரமிப்பு. வெள்ளம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது, 2015 டிசம்பரில் பார்த்தோம்.

3

அமெரிக்காவில் அரசின் நகர்ப்புறத் திட்டங்களில் பணியாற்றிய ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியாக அவர் வரைந்தார். கீழிருந்து: (1) கையாளுதல், (2) சிகிச்சை அளித்தல், (3) தகவல் தருதல், (4) கலந்தாலோசித்தல், (5) சமாதானப்படுத்துதல், (6) கூட்டாளியாதல், (7) அதிகாரத்தை ஒப்படைத்தல், (8) மக்களின் கட்டுப்பாடு. முதல் இரண்டும் பங்கேற்பே அல்ல. முன்பே முடிவான ஒன்றுக்குக் கையெழுத்து வாங்குவது ‘கையாளுதல்’. உன் மனப்பான்மைதான் கோளாறு, அதைச் சரிப்படுத்துகிறோம் வா என்பது ‘சிகிச்சை’. நம்மூரில் மறுகுடியமர்வுக்கு முன் நடத்துகிற ‘விழிப்புணர்வு முகாம்’களை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து வரை ஒப்புக்குச் சப்பாணி. பேசலாம், ஆனால் பேச்சுக்கு விளைவு இருந்தாக வேண்டியதில்லை. ஆறாவது படியிலிருந்துதான் அதிகாரம் கைமாறத் தொடங்குகிறது. அதிகாரம் பகிரப்படாத பங்கேற்பு வெற்றுச் சடங்கு என்பதே அவர் வாதத்தின் மையம்.

நமது 26-ஆம் பிரிவு எந்தப் படியில் நிற்கிறது? தாராளமாக மதிப்பெண் போட்டாலும் நான்கைத் தாண்டாது.

அந்த நான்காம் படியிலும் ஓட்டைகள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. ஆனால் கட்டுமானம், நகரியம் என்கிற அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் தந்துவிட்டது. சுரங்கத்துக்கு ஊரைக் கூட்டிக் கேட்கவேண்டும். பக்கத்தில் எழும்புகிற ஐம்பது மாடிக்குக் கேட்க வேண்டியதில்லை.

நகர் ஊரமைப்புச் சட்டத்திலோ 113-ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் விதிவிலக்குத் தர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு வால் முளைத்து 113-ஏ வந்தது, 1999 பிப்ரவரி 28-க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த. அப்புறம் 2012-இல் 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டியவற்றுக்கு. திட்டத்தை மாற்றும் சக்தி நகரத்தில் யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆட்சேபித்தவர் மனுவோடு நிற்க, மீறியவர் ரசீதோடு போனார்.

அதே காலத்தில் குடிசைகளுக்கு என்ன நடந்தது? 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி ஒரு பகுதி குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால், வெளியேற்றத்துக்கு எதிராகச் சில பாதுகாப்புகளும் தண்ணீர், வடிகால், விளக்குக்கான வழியும் கிடைக்கும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன; 1985-இல் மேலும் 17. பிறகு நெடுங்காலம் அறிவிப்பே இல்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகள் வளர்ந்தன, பட்டியல் மட்டும் வளரவில்லை. பட்டியலில் இல்லாதவர் ‘பொதுமக்கள்’ கணக்கிலும் சேர்வதில்லை.

4

மக்கள் என்று சொன்னால் போதுமா? எந்த மக்கள்?

உள்ளாட்சிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் உத்திரமேரூருக்கு ஓடுவார்கள். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலைத் தேர்தல், பார்த்தீர்களா! பார்த்தோம். அந்தக் கல்வெட்டில் தகுதிகளும் இருக்கின்றன: கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அதற்கடுத்த நூற்றாண்டில் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தத்தை ஒரு பக்கமும் பறைச்சேரியை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் பதிகின்றன. ஊர்/சேரி என்பது நமது மிகப்பழைய நகரமைப்பு விதி. அதை வரைந்தபோது யாரிடமும் ஆட்சேபணை கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கோட்டின் மேலேதான் பல ‘நவீன’ மண்டலங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

எனவே ‘குடிமக்கள் பங்கேற்பு’ என்பது குடியிருப்போர் நலச் சங்கங்களின் பங்கேற்பாகச் சுருங்கிவிடும் ஆபத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. மனு எழுதத் தெரிந்தவன், வரைபடம் வாசிக்கத் தெரிந்தவன், வழக்குப் போட வசதியுள்ளவன், வேலைநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டத்துக்கு வரமுடிந்தவன்: இவன்தான் பொதுமக்கள். நடைபாதைக் கடைக்காரம்மா அந்தப் ‘பொதுமக்களுக்கு இடையூறு’. 2023 ஏப்ரலில் மெரினா வளையச் சாலையோர மீன்கடைகள் நீதிமன்ற உத்தரவை அடுத்து அகற்றப்பட்டபோது, போக்குவரத்து நெரிசலில் தவிக்கிற கார்க்காரர் பொதுமக்களாகவும், அந்தச் சாலை வருவதற்குத் தலைமுறைகளுக்கு முன்பே அதே மணலில் மீன் விற்றவர்கள் பிரச்சனையாகவும் ஆனார்கள். மீனவர்கள் மீன்களோடு சாலையில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் இன்னொரு பொதுமக்களும் உண்டு என்று தெரிந்தது.

கேட்கப்படும் உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1985-இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்றது. அகற்றுவதற்கு முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. கேட்டால் மட்டும் முடிவு மாறிவிடுமா என்கிற வாதத்தை அது ஏற்கவில்லை. கேட்கப்படுவது மனித கண்ணியம் சார்ந்தது என்கிற நிலையை எடுத்தது. பெரிய விஷயம். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதைவாசிகள் சொல்ல வேண்டியதை நீதிமன்றத்திலேயே சொல்லியாகிவிட்டது என்று மழைக்காலம் முடிந்ததும் அகற்றவும் அனுமதித்தது. கேட்கப்பட்டார்கள், அகற்றப்பட்டார்கள்.

5

அப்படியானால் மக்களால் எதுவுமே ஆகவில்லையா? ஆகியிருக்கிறது. பெரும்பாலும் ‘ஆட்சேபணைப் படிவ’த்துக்கு வெளியே ஆகியிருக்கிறது.

1960களில் நியூயார்க்கின் ராபர்ட் மோசஸ் கீழ் மன்ஹாட்டன் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போட நினைத்தார். எதிர்த்தவர்களின் முன்னணியில் ஜேன் ஜேக்கப்ஸ். நகரமைப்பில் பட்டம் எதுவும் இல்லாத பத்திரிகையாளர். 1968-இல் நடந்த கருத்துக்கேட்பில், ஒலிவாங்கி அதிகாரிகளைப் பார்க்காமல் பார்வையாளர்களைப் பார்த்து வைக்கப்பட்டிருப்பதை அவர் கவனித்தார். பேசுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள்! மேடையில் ஏறினார், கூட்டம் பின்தொடர்ந்தது, சுருக்கெழுத்து நாடா கிழிந்து சிதறியது. பதிவு இல்லை, ஆகவே கருத்துக்கேட்பும் இல்லை என்று அறிவித்தார். கைதானார். அடுத்த ஆண்டு சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. அவருடைய கிரீன்விச் வில்லேஜ் பிற்பாடு பணக்காரர்கள் மட்டுமே வசிக்க முடிகிற இடமாகிப்போனது வேறு கதை. தெருவைக் காப்பாற்றினாலும் வாடகை காப்பாற்றுவதில்லை என்கிற பாடமும் அதில் இருக்கிறது.

நம்மிடமும் கதைகள் உண்டு. 2003-இல் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட முடிவெடுத்தார்கள். மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்தார்கள், கல்லூரி நின்றது. கலங்கரை விளக்கம் பக்கத்திலிருந்து தெற்கே கடற்கரையோரமாக உயர்மட்டச் சாலை போடும் யோசனை 2010 வாக்கில் வந்தபோது குப்பங்கள் எதிர்த்தன, யோசனை கிடப்புக்குப் போனது. இதற்கு மாறாக, யாரும் கேட்கப்படாத கட்டடத்தின் கதியையும் பார்க்கலாம். ஓமந்தூரார் தோட்டத்தில் ஜெர்மன் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் எழுந்த தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியது, மருத்துவமனையாக்க முடிவாயிற்று, 2014-இல் ஆக்கப்பட்டது. கட்டும்போதும் கேட்கவில்லை, மாற்றும்போதும் கேட்கவில்லை. மக்களுடைய பணத்தில், மக்களுடைய பேரவைக்காக எழுந்த கட்டடத்தில் மக்கள் நோயாளிகளாக மட்டுமே நுழைய முடிந்தது.

எண்ணூரின் கதை இன்னும் நுட்பமானது. கழிமுகத்தைக் காட்டிய 1996-ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல வரைபடம் ஒன்று இருக்க, கழிமுகமே இல்லாத இன்னொரு வரைபடம் அலுவலகங்களில் புழங்கியது 2017 வாக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அம்பலமானது. இறால் பிடிக்கிறவர்கள் கழுத்தளவு நின்ற தண்ணீர் காகிதத்தில் இல்லை. இது வெறும் எழுத்துப் பிழையல்ல. பிரதிக்கும் உலகத்துக்கும் இடையிலான உறவை அதிகாரம் எப்படித் தலைகீழாக்குகிறது என்பதற்கு ஃபூக்கோவைத் தேடிப் போகவேண்டாம், எண்ணூருக்குப் போனால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக்கு நானும் போயிருந்தேன். சுவரில் பெரிய வரைபடம், எல்லாம் இங்கிலீஷில். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா எழுந்து, “சார், இந்தப் படத்துல எங்க தெரு எங்க இருக்கு?” என்று கேட்டார். அதிகாரி நல்ல மனிதர்தான், எழுந்துபோய்த் தேடினார். கிடைக்கவில்லை. “இந்த ஸ்கேல்ல சின்னத் தெருவெல்லாம் வராதும்மா” என்றார். “வராதுன்னா, எடுத்துருவீங்களா?” என்றார் அந்த அம்மா. “நீங்க எழுதிக் குடுங்க, பாப்போம்.” அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதத் தெரியாதாம். குறிப்பேட்டில் அவர் கேள்வி ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

6

ஆக, செய்ய வேண்டியது என்ன? ‘நிபுணர்களை விரட்டு’ என்பது என் கட்சியல்ல. வடிகாலின் சரிவைக் கணக்கிட பொறியாளர் வேண்டும். ஆனால் மழைக்குத் தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும் என்று அந்தச் சந்துக்காரருக்குத் தெரியும். இந்த இரண்டாவது அறிவையும் அறிவு என்று ஏற்பதில்தான் சிக்கல். பேட்ரிக் கெடிஸ் 1914-15 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றியபோது நடந்து பார்த்தார். நேர்கோட்டுச் சாலைக்காக வீடுகளை இடிக்கும் சுகாதாரத்துறை யோசனைகளை எதிர்த்து, அங்கங்கே சிறு மாற்றங்கள் போதும், செலவும் குறைவு என்று அறிக்கை எழுதினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. கெடிஸின் நடை சட்டத்துக்குள் வரவில்லை.

கிராமத்துக்கு ஒரு கிராமசபை இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதை அரசு மதித்ததா என்பது அடுத்த விஷயம். ‘இந்த ஊர் சம்மதிக்கவில்லை’ என்று பதியவைக்க ஒரு மேடை இருந்தது. நகரத்தானுக்கு அதுவும் நெடுங்காலம் இல்லை. 1992-இன் 74-ஆம் திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்களைச் சொன்னது. தமிழ்நாட்டில் 2016 முதல் 2022 பிப்ரவரி வரை நகர்மன்றத் தேர்தலே நடக்கவில்லை. வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்கான இடமாக மட்டும் அந்தச் சபைகளை விட்டுவிடக் கூடாது. முழுமைத் திட்டத்தின் வரைவு அங்கே வரவேண்டும், தமிழில் வரவேண்டும், தெரு தெரிகிற அளவில் வரவேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்ன ஆட்சேபமும் பதிவாக வேண்டும். நிராகரித்தால் காரணம் எழுதித் தரவேண்டும். வெளியேற்றப்படுகிறவர்கள் வாழும் சபையின் சம்மதம் இல்லாமல் அங்கே கோடு விழக்கூடாது.

மொழி பற்றிய கோரிக்கை நமக்கே உரியது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்த்து வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். மொழிபெயர்ப்பு என்பது இலக்கியச் சேவை மட்டுமல்ல என்பதை எழுத்தாளர்களுக்கு ஒரு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. தெரிதாவையும் ஃபூக்கோவையும் தமிழுக்குக் கொண்டுவரப் படாதபாடு பட்ட சிற்றிதழ்கள் தளப்பரப்புக் குறியீட்டை, நிலப்பயன்பாட்டு மாற்றத்தை, 113-ஆம் பிரிவை நாலு பேருக்குப் புரிகிற தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான கருத்துச் சேகரிப்பு 2022-இலேயே தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். தொழில் செய்வோர் ஒரு பக்கம், மேலோர் ஒரு பக்கம், நடுவே நாளங்காடி. பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்த கண்ணகிதான் பிறகு வேறொரு நகரத்தின் அரண்மனை வாசலில் நின்று தன் வழக்கைச் சொன்னாள். எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் உள்பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள குடியிருப்புக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். துரைப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து பழைய வேலைக்கு, பழைய பள்ளிக்கு, பழைய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிற பெண்களிடம் அடுத்த வரைபடத்தை முதலில் காட்ட வேண்டும். அவர்களுக்கு என்ன ஆட்சேபம் இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்வது, எழுதத் தெரிந்த நம் வேலை.